பெட்டிக்குக் காவல்

“ஆறு உருப்படி. கடைசி வரைக்கும் ஆறு இருக்கணும்” என்றார் அம்மா.

பெங்களூருவில், மல்லேஸ்வரம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். முதல் நாள் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்திருந்தது. காலை ஒன்பது மணிக்குள் காலி செய்ய வேண்டும் என்பதால் அடுத்த கல்யாணக்காரர்கள் வேன் நிறையப் பாத்திரங்களோடு வாசலுக்கே வந்துவிட்டார்கள். அம்மா படிக்கட்டில் நின்று விரல் விட்டு எண்ணினார். பட்டுப்புடவைகள் வைத்த பழைய பெட்டி, என் சக்கரப் பெட்டி, ஜிப் வைத்த துணிப்பை, பெண் வீட்டார் மரியாதைக்குக் கொடுத்த குத்துவிளக்கு இருந்த அட்டைப் பெட்டி, தாம்பூலப் பைகளையெல்லாம் ஒன்றாக அடைத்த கட்டைப்பை, அம்மாவின் கைப்பை. எங்கள் குடும்பத்தில் பயணம் என்றால் அம்மாவுக்கு அது எண்ணிக்கைதான். ஏறும்போது எண்ணுவார், இறங்கும்போது எண்ணுவார், நடுவில் நாங்கள் தூங்கும்போதும் எண்ணியிருப்பார்.

காட்பாடிக்குப் போகும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பிற்பகலில்தான் கிளம்பும். கையில் ஐந்தாறு மணி நேரம் இருந்தது. உறவினர் வீடுகள் எல்லாம் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும். பெங்களூரு நெரிசலில் அங்கே போய்த் திரும்பினால் ரயில் போய்விடும். ஸ்டேஷனிலேயே பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்திருக்கலாம் என்பது அம்மாவின் யோசனை. திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனையையும் அதை ஒட்டிய கோட்டை வெங்கடரமண சுவாமி கோயிலையும் அம்மாவுக்குக் காட்டிவிட வேண்டும் என்பது என்னுடைய எண்ணம்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அம்மா வேலூர்க்காரர். எழுபத்து நான்கு வயதில் முக்கால்வாசியை வேலூர்க் கோட்டை அகழியைச் சுற்றி நடந்தே கழித்தவர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மடிந்த பிறகு அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து வைத்தது எங்கள் ஊர்க் கோட்டையில்தான். திப்பு மஹால், ஹைதர் மஹால் என்று கட்டடங்களுக்குப் பெயர் இன்றும் இருக்கிறது. 1806 ஜூலை 10 அன்று அங்கே நடந்த சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அந்தக் குடும்பத்தாரில் சிலரின் கல்லறைகள் வேலூரில் உள்ளன. திப்புவின் துயரம் முடிந்த இடம் அம்மாவுக்கு அத்துப்படி. அவர் வாழ்ந்த இடம் எதையும் அம்மா பார்த்ததில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் பெரியது.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பா எங்களை ஒரு ராஜாவின் அரண்மனைக்கு அழைத்துப் போயிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அங்கேயே போனோம், கையில் ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு பைகளும். பெட்டியோடு உள்ளே விட முடியாது என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். வைத்துவிட்டுப் போக இடமும் இல்லை. “நீங்க போயிட்டு வாங்க. நான் பார்த்துக்கறேன்” என்று அம்மா வேப்பமரத்தடியில் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் திரும்பி வந்ததும் அம்மா போவதாகப் பேச்சு. நாங்கள் வந்தபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ்ஸில் என்னை மடியில் வைத்துக்கொண்டு, “உள்ள என்ன கண்ணு இருந்துச்சு?” என்று கேட்டார். நான் சொன்னேன். தந்த நாற்காலி, யானை மேல் வைக்கிற அம்பாரி, ஆள் உயரக் கண்ணாடி என்று நினைவில் இருந்ததையெல்லாம் சொன்னேன். ஊருக்கு வந்தபின் பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா அந்த அரண்மனையைப் பற்றி விவரித்தார். எல்லாம் என் வார்த்தைகள். தான் உள்ளே போகவில்லை என்பதை அம்மா சொல்லவில்லை. ஒன்பது வயதில் எனக்கு அது விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது தூக்கம் வரவில்லை.

அதனால்தான் அன்று ஆட்டோக்காரரிடம் முதலில் மெஜஸ்டிக் போகச் சொன்னேன். ரயில் நிலையத்தின் கிளாக் ரூமில் பெட்டிகளைப் போட்டுவிட்டு அரண்மனைக்குப் போவது என்று திட்டம். அம்மாவுக்கு அதில் துளியும் சம்மதமில்லை. “யார்னே தெரியாதவங்ககிட்ட பட்டுப்புடவையக் குடுக்கறதா?” என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

மெஜஸ்டிக் என்பது இப்போது ஒரு பகுதியின் பெயர். முன்பு அங்கே இருந்த ஒரு சினிமா தியேட்டரின் பெயர் அது. பக்கத்தில் பேருந்து நிலையம் இருக்கும் இடத்தில் தர்மாம்புதி என்ற ஏரி இருந்தது. ரயில் நிலையத்துக்கு 2016இல் கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா பெயரை வைத்தார்கள். டிக்கெட்டில் கே.எஸ்.ஆர். பெங்களூரு என்று வருவது அதுதான். பெயர் எத்தனை மாறினாலும் அந்த இடத்தின் வேலை மாறவில்லை. ஊருக்குள் வருகிறவர் இறங்குவதும் போகிறவர் காத்திருப்பதும் அங்கேதான்.

கிளாக் ரூம் சாளரத்தில் எங்களுக்கு முன்னால் முதுகுப் பை மாட்டிய நான்கு மாணவர்கள் நின்றார்கள். எங்கள் முறை வந்தது. உள்ளே இருந்தவர் ஆறு உருப்படியையும் ஒரு பார்வை பார்த்தார். “பீக இல்லத பேக் தகொள்ளல்லம்மா” என்றார். நான் விழித்ததும் தமிழுக்கு மாறினார். “பூட்டு இல்லாம எடுக்க மாட்டோம்மா. அட்டைப் பெட்டி ஆகாது. சாப்பிடற சாமான் ஏதும் இருக்கக் கூடாது.”

அவர் சொன்னதில் தவறே இல்லை. ரயில்வே விதியே அப்படித்தான். பயணச்சீட்டு இருக்க வேண்டும். ஒவ்வொரு உருப்படிக்கும் பூட்டு இருக்க வேண்டும். தின்பண்டம், பழம், அழுகக்கூடியது எதுவும் கூடாது. ஒரு பையில் வாழைப்பழம் இருந்தால் எலி வரும், எலி வந்தால் அந்த அறையில் இருக்கும் ஊரார் பெட்டியெல்லாம் பாழாகும். உருப்படிக்கு இவ்வளவு என்று 24 மணி நேரக் கணக்கில் கட்டணம். பூட்டில்லாத பையில் ஏதாவது குறைந்தால் யார் எடுத்தது என்று யாரும் சொல்ல முடியாது. பூட்டு என்பது வைக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவே இருக்கிற சாட்சி.

அம்மா அங்கேயே ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பதற்றம், மணி ஒன்பதரை ஆகிவிட்டது. அம்மாவுக்குப் பதற்றமே இல்லை. இது அவருடைய வேலை, அறுபது வருடமாகச் செய்கிற வேலை. சக்கரப் பெட்டியைத் திறந்தார். என் துணிகளில் மூன்றை எடுத்துத் துணிப்பையில் திணித்தார். அட்டைப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, குத்துவிளக்கின் தண்டையும் பாதத்தையும் தனித்தனியாகக் கழற்றி, என் சுடிதார் துப்பட்டாவில் சுற்றி, பெட்டியின் நடுவில் படுக்கவைத்தார். மேலே ஒரு போர்வை. அட்டையை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிறகு கட்டைப்பை. தாம்பூலப் பைகளிலிருந்து வாழைப்பழங்களை எல்லாம் எடுத்து, பெருக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிவப்புச் சட்டைப் போர்ட்டருக்கும் கொடுத்தார். “கல்யாணப் பழம், சாப்பிடுங்க.” தேங்காய்கள் ஏழு இருந்தன. நான்கை அந்தப் பெண்களிடம் கொடுத்துவிட்டு மூன்றை வைத்துக்கொண்டார். “கோயிலுக்குப் போறோமில்ல, அர்ச்சனைக்கு ஆச்சு.” வெற்றிலை பாக்கும் முறுக்குப் பொட்டலமும் கைப்பைக்குள் போயின.

நான் வெளியே ஓடிப்போய் ஒரு கடையில் சிறிய பித்தளைப் பூட்டு வாங்கி வந்தேன். இரண்டு சாவிகளும் ஒரு கம்பி வளையத்தில் கோத்திருந்தன. துணிப்பை ஜிப்பின் இரண்டு கொக்கிகளையும் சேர்த்துப் பூட்டி, ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஆறு, மூன்றாகியிருந்தது. பழைய பெட்டி, சக்கரப் பெட்டி, துணிப்பை.

“உள்ள நகை, பணம் இருக்காம்மா? இருந்தா எடுத்துக்கோங்க, அதுக்கு நாங்க பொறுப்பில்ல” என்றார் சாளரத்தில் இருந்தவர். இல்லை என்றதும் சீட்டு எழுதினார். பெட்டிக்கு ஒரு சீட்டு, எங்களுக்கு ஒரு சீட்டு. அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பட்டுப்புடவைப் பெட்டியைத் தூக்கி, தூக்கிப் போடாமல், அடித்தட்டில் வைத்ததை அம்மா பார்த்தார். “நல்ல மனுஷன்” என்றார் என்னிடம் மெதுவாக. அந்தச் சீட்டைத் தொலைத்துவிட்டால் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் பெட்டியை மீட்க முடியும். அதனால் அதை என் பர்ஸில் வைக்க விடாமல் தானே வாங்கி வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் நான்கடி நடந்து நின்றார். திரும்பிப் பார்த்தார். இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். தோளில் கைப்பையும் என் கையில் மூன்று தேங்காய் உள்ள கட்டைப்பையும் மட்டும். “கை வெறிச்சுனு இருக்கு” என்றார்.

ஸ்டேஷனுக்கு எதிரே குப்பி தோட்டதப்பா சாலை. அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையைக் கடக்க எனக்கு மனம் இல்லை. தோட்டதப்பா 1838இல் பிறந்த வணிகர். ரயில் வந்தபின் பெங்களூருக்கு வருகிறவர்கள் இறங்கியதும் எங்கே தங்குவது, சாமானை எங்கே வைப்பது என்று தவிப்பதைப் பார்த்தார். 1897இல் ரயில் நிலையத்துக்கு எதிரே இரண்டரை ஏக்கர் நிலத்தை ரயில்வேயிடமிருந்தே பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். அங்கே தர்ம சத்திரமும் மாணவர் விடுதியும் கட்டினார். 1903 பிப்ரவரி 11 அன்று மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் திறந்துவைத்தார். தோட்டதப்பா 1910இல் காலமானார், அவர் வைத்த அறக்கட்டளை நடந்துகொண்டிருக்கிறது. அரண்மனையில் இருந்தவர் வந்து திறந்துவைத்தது ஒரு வழிப்போக்கர் தன் மூட்டையை இறக்கிவைக்கும் கட்டடத்தை. அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது.

பெங்களூருவில் கல்யாண மண்டபத்தையே இன்றும் பலர் சத்திரம் என்கிறார்கள், ஆங்கிலம் கலந்து பேசுகிறவர்கள் சௌல்ட்ரி என்கிறார்கள். நம்முடைய சாவடிதான் வெள்ளைக்காரன் வாயில் சௌல்ட்ரியானது. தஞ்சாவூர் மராட்டிய அரசர்கள் ராமேசுவர யாத்திரை வழியில் சத்திரங்களாகக் கட்டி வைத்தார்கள். அதற்கும் முன்னால், கட்டடமே இல்லாமல் இந்த வேலையைச் செய்தது சுமைதாங்கி. இரண்டு கல் நட்டு மேலே ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், இன்னொருவர் கை கொடுக்காமல், அப்படியே நகர்த்தி இறக்கிவைக்கும் உயரம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாகப் பல ஊர்களில் அதை நட்டார்கள். சுமக்க முடியாமல் போனவளுக்கு, சுமப்பவர்களின் பாரத்தை இறக்கிவைத்து நினைவு கொண்டாடிய மனம் அது. எங்கள் பக்கம் காவேரிப்பாக்கத்தை ஒட்டிச் சுமைதாங்கி என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. சின்ன வயதில் சுமைதாங்கிக் கல்லின் மேல் புல்லுக்கட்டை வைத்துவிட்டு மூச்சு வாங்கியதை அம்மா சொல்லியிருக்கிறார். கிளாக் ரூம் என்று பெயர் மாறியிருக்கிறதே தவிர, இது அந்தக் கல்லின் பேத்திதான்.

மெஜஸ்டிக்கிலிருந்து கே.ஆர். மார்க்கெட்டுக்கு மெட்ரோவில் இரண்டே நிறுத்தம், நடுவில் சிக்பேட்டை. பெட்டிகள் கையில் இருந்திருந்தால் மெட்ரோ வாசலில் ஒவ்வொன்றையும் ஸ்கேனரில் ஏற்றி இறக்கி, எஸ்கலேட்டரில் தடுமாறி, அம்மா பாதியிலேயே வேண்டாம் என்றிருப்பார். அன்று அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எஸ்கலேட்டரில் தனியாகவே ஏறினார்.

வெளியே வந்தால் மார்க்கெட்டின் பூ வாசம். மல்லிகை, கனகாம்பரம், சாமந்தி கூடை கூடையாக. இரண்டு முழம் வாங்கினோம். “எந்த ஊரும்மா?” என்றார் பூக்காரம்மா தமிழிலேயே. “வேலூரு.” “எங்களுக்குக் கிருஷ்ணகிரி. கோட்டைக் கோயிலுக்கா? பன்னண்டு மணிக்குள்ள போயிடுங்க, நடை சாத்திடுவாங்க.” அரை முழம் கொசுறு விழுந்தது.

கோயில்தான் முதலில். 1689இல் மைசூர் அரசர் சிக்க தேவராஜ உடையார் கட்டியது. மொகலாயர்களிடம் 3 லட்சம் ரூபாய் கொடுத்துப் பெங்களூரை வாங்கியவர் என்று வரலாற்று நூல்கள் சொல்லும் அரசர் இவர். மைசூர் அரண்மனை வளாகத்தில் இருக்கும் சுவேத வராக சுவாமியின் திருமேனியை நம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கொண்டுபோனவரும் இவர்தான். கோயில் வாசலில் உயரமான கருடத் தூண். கோட்டை முற்றுகையின்போது பீரங்கிக் குண்டு ஒன்று இந்தத் தூணில் பட்டதால் திப்பு உயிர் பிழைத்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அது நடந்ததோ இல்லையோ, சுல்தானின் உயிரைப் பெருமாள் வாசல் தூண் காத்தது என்று ஓர் ஊர் இருநூறு ஆண்டுக்கு மேல் சொல்லிக்கொண்டு வருவது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

உள்ளே யாளித் தூண்கள், குளிர்ந்த கல் தரை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்த அம்மா அதைப் பற்றி ஒரு முறைகூடக் கேட்கவில்லை. வழக்கமாகக் கோயிலுக்குப் போனால் எங்களில் ஒருவர் செருப்புக்கும் பைக்கும் காவல். ஒருவர் பார்த்துவிட்டு வந்து மற்றவரை அனுப்புவார். அன்றுதான் நாங்கள் இருவரும் ஒரே சன்னிதியில், ஒரே நேரத்தில், தீபாராதனையைக் கண்டோம். மூன்று தேங்காயும் உடைந்தன. அர்ச்சகர் மூடிகளைத் திருப்பிக் கொடுத்தபோது அம்மாவின் முகத்தில் மண்டபத்தில்கூட நான் பார்க்காத நிம்மதி.

சுவருக்கு அந்தப் பக்கம் அரண்மனை. கோயில் மணி அடித்தால் அங்கே கேட்கும். ஹைதர் அலி 1781இல் தொடங்கியதைத் திப்பு 1791இல் முடித்தார். அதே 1791 மார்ச் 21 இரவில் காரன்வாலிஸின் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது. மகிழ்ச்சியின் உறைவிடம், சொர்க்கமும் பொறாமைப்படும் மாளிகை என்று அங்கே எழுதிவைத்திருக்கிறார்கள். கட்டியவர் அதை அனுபவிக்கக் காலம் இடம் கொடுக்கவில்லை. பிறகு ஆங்கிலேயர்கள் இதை அரசு அலுவலகமாக்கினார்கள். 1868இல் அலுவலகங்கள் அட்டாரா கச்சேரிக்கு, அதாவது இன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இருக்கும் சிவப்புக் கட்டடத்துக்கு மாறும்வரை இங்கேதான் கோப்புகள் இருந்தன. கோட்டையின் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். டெல்லி வாயிலும் கொஞ்சம் மதிலும்தான் மிச்சம். விக்டோரியா மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் அந்த நிலத்தில் நிற்கின்றன.

பெரிய அரண்மனையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். ஆனால் மரம்! கல் பீடத்தின் மேல் இரண்டு அடுக்கும் தேக்கில் எழுந்து நிற்கின்றன. தூண்கள் மெலிந்து உயர்ந்து மேலே வளைவுகளில் இதழ் இதழாக விரிகின்றன. சுவரில் மங்கிய பூவேலை. சாயம் போன இடங்களில் மரத்தின் ரேகை தெரிகிறது. அம்மாவின் அப்பா தச்சர். எங்கள் தாத்தாவின் பட்டறையில் உளிக்கும் இழைப்புளிக்கும் நடுவே வளர்ந்தவர் அம்மா. ஒரு தூணின் அருகே போய், தொடாமல், கண்ணைக் கிட்டக் கொண்டுபோய் அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். “ஒரே மரம். ஒட்டு இல்ல” என்றார். அடுத்த தூண். அதுவும் அப்படியே. பத்து நிமிடம் அந்த வரிசையிலேயே நின்றார். பின்னால் வந்த கூட்டம் எங்களைத் தாண்டிப் போயிற்று. பெட்டியோடு வந்தவர் எவரும் அப்படி நிற்க மாட்டார், மனம் வாசலிலேயே இருக்கும்.

மரப்படியில் மெல்ல ஏறி மாடத்துக்குப் போனோம். அங்கே அமர்ந்துதான் திப்பு தர்பார் நடத்தியதாகச் சொல்கிறார்கள். கீழே தோட்டம், புல்வெளி, வெயிலில் பள்ளிப் பிள்ளைகள் வரிசை. அம்மா கைப்பிடியில் சாய்ந்தபடி நின்றார். “இங்கேர்ந்து போனவங்கதானே நம்ம கோட்டைக்கு வந்தாங்க?” ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்தார்கள் என்று சொன்னேன். “எங்கேர்ந்தா என்ன. போகும்போது அந்தப் பொம்பளைங்க கையில என்ன எடுத்துட்டுப் போயிருப்பாங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே, “இத நானே பார்த்துட்டேன் கண்ணு. நீ எனக்குச் சொல்ல வேணாம்” என்றார்.

அப்போதுதான் தெரிந்தது, அந்த வேப்பமரத்தடியை அம்மாவும் மறக்கவில்லை.

கீழே இறங்கி வரும்போது நுழைவாயிலில் ஒரு குடும்பத்தைப் பார்த்தோம். மூன்று சூட்கேஸ், ஒரு மூட்டை. ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு ஓரமாகச் சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் உள்ளே போயிருந்தார்கள். அம்மா அவரிடம் போய் முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தார். “நீ போய்ப் பார்த்துட்டு வாம்மா, நான் உக்காந்துக்கறேன்” என்றார். முன்பின் தெரியாதவர்களிடம் பெட்டியை விட்டுப் போக அந்தப் பெண்ணுக்குத் தயக்கம், அது நியாயமும்கூட. சிரித்துத் தலையாட்டிவிட்டு அங்கேயே இருந்தார்.

பெட்டியை உள்ளே விடாததற்குச் சொல்லும் காரணம் பாதுகாப்பு. அது வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்தின் சாமான் அறையில் 1884 பிப்ரவரியிலேயே பெட்டிக்குள் வைத்த டைனமைட் வெடித்திருக்கிறது. அந்தப் பயம் பழையது, உண்மையானது. ஆனாலும் லண்டனின் பெரிய நிலையங்களில் இன்று ஸ்கேன் செய்து பெட்டி வாங்கும் அறைகள் இருக்கின்றன. ஜப்பானில் காசு போட்டுப் பூட்டும் பெட்டிகள் ரயில் நிலையங்களில் வரிசையாக நிற்கின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? திருப்பதியில் அலிபிரியில் பையை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு மலை ஏறலாம். தேவஸ்தானமே காசு வாங்காமல் மேலே கொண்டுவந்து தருகிறது. 2018 பிப்ரவரியில் மதுரை மீனாட்சி அம்மன் கோயில் வீர வசந்தராயர் மண்டபம் எரிந்தபின் அங்கே செல்போனுக்குத் தடை வந்தது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தமிழகக் கோயில்கள் எல்லாவற்றிலும் தடை விதிக்கச் சொன்னதும், கோயில் வாசல்களில் செல்போன் வாங்கி வைக்கச் சாளரங்கள் வந்தன. மனம் வைத்தால் ஒரு தட்டும் ஒரு டோக்கனும் ஒரு ஆளும் கிடைத்துவிடுகிறது என்பதற்கு அது போதும். செல்போனுக்குக் கிடைத்த இடம் வழிப்போக்கரின் பெட்டிக்கும் கிடைக்க வேண்டும்.

நம் ஊர்களில் சுற்றுலா வருகிறவர்களில் பலர் ஓட்டலில் அறை போட்டு வருகிறவர்கள் அல்லர். காலை ரயிலில் இறங்கி மாலை ரயிலில் போகிறவர்கள், கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வந்து நடுவில் அரை நாள் கிடைத்தவர்கள். அவர்களிடம் மூட்டை இருக்கும். மூட்டைக்கு இடமில்லை என்றால் ஒருவர் வெளியே இருந்துதான் ஆக வேண்டும். அந்த ஒருவர் யார் என்று எந்த அரண்மனை வாசலில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பாட்டி இருப்பார், அம்மா இருப்பார், புது மருமகள் இருப்பார். வீட்டு ஆண்கள் அப்படி உட்கார்ந்திருப்பதை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன். சீட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு நினைவுச்சின்னத்தின் வாசலிலும் ஓர் அறை வேண்டும். கட்டணம் வாங்கட்டும், ஸ்கேன் செய்யட்டும், பூட்டில்லாததை மறுக்கட்டும். அறை இருக்கட்டும்.

மெஜஸ்டிக் திரும்பியபோது மணி இரண்டு. சீட்டை அம்மாவே நீட்டினார். காலையில் இருந்தவர் மாறி வேறொருவர் இருந்தார். மூன்று பெட்டிகளும் வைத்தபடியே வந்தன. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பூட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி பூட்டினார். கைப்பையோடும் கட்டைப்பையோடும் சேர்த்து, “அஞ்சு” என்றார். நான் வாங்கி வந்த தண்ணீர் பாட்டில்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பெங்களூருவில் உங்களுக்கும் அரை நாள் கிடைத்தால் இதைச் செய்யுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே சின்னப் பூட்டு இரண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பழமும் பலகாரமும் தனிப் பையில் இருக்கட்டும். நகையையும் பணத்தையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் சீட்டைக் காட்டிப் பெட்டிகளைக் கிளாக் ரூமில் கொடுத்துவிட்டு, மெட்ரோவில் இரண்டு நிறுத்தம் போய், நடை சாத்துவதற்குள் கோயிலையும் பிறகு அரண்மனையையும் பாருங்கள். வீட்டில் எப்போதும் பெட்டிக்குக் காவல் இருக்கிறவர் யாரோ, அவரை முதலில் உள்ளே அழைத்துப் போங்கள்.